கத்தரி விரல்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் என் அக்கா விளக்கை ஒரு தடவை அணைத்துப் போடுவாள். மருந்துக்கடைக்குப் போனால்கூட அவள் கை தானாகச் சுவரில் சுவிட்சைத் தேடும். கல்யாணமான நாளிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. மாமாவுக்குக் காது கேட்காது, பேச்சும் இல்லை. வந்துவிட்டேன் என்று அவருக்குச் சொல்ல விளக்குதான் வழி.

மாமா தையல்காரர். முன்னறையில் அவருடைய மெஷினும் வெட்டுகிற மேஜையும் இருக்கும். ஓரமாக உட்கார்ந்து நான் காஜா எடுப்பேன், பொத்தான் தைப்பேன். அதே அறையில் பாய் விரித்து, வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளை அக்கா பார்த்துக்கொள்வாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவளும் மாமாவும் நாள் முழுக்கக் கையாலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். சண்டை வந்தால் பக்கத்தில் இருக்கிறவர் மேல் காற்று வீசும். தவழ்கிற பிள்ளைகள் அதைப் பார்த்துத் தாமாகவே பிடித்துக்கொண்டன. பால் வேண்டுமென்றால் கையை மூடித் திறக்கும். போதுமென்றால் உள்ளங்கையைத் திருப்பும். அப்படிக் கேட்டு வாங்கிக் குடித்த பிள்ளைகள் பிறகு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள். அதனால் யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

நர்ஸம்மாவின் மகன் வந்த பிறகுதான் வம்பு. அவனை வாண்டு என்று கூப்பிடுவோம். ஒன்றரை வயது தாண்டியும் ஒரு சொல் வரவில்லை, கை மட்டும் ஓயாது. காதைச் சோதித்தார்கள். நன்றாகக் கேட்கிறது என்றார்கள். மறுநாளே நர்ஸம்மாவின் மாமியார் கூடவே வந்து, வாசலில் நின்றபடி ஆரம்பித்தார்.

“காது கேக்குற பிள்ளையை ஊமை வீட்ல விட்டா வேற என்ன ஆகும்? எம் பேரன் என்ன டிராபிக் போலீஸா, நாள் பூரா கையை ஆட்டிக்கிட்டு நிக்க?”

நர்ஸம்மா எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. “தப்பா எடுத்துக்காதீங்கக்கா. கொஞ்ச நாளைக்கு அவன் முன்னாடி கைப்பேச்சு வேணாம். வாயாலயே பேசுங்க. இல்லேன்னா வேற இடம் பாக்கணும்னு அத்தை சொல்றாங்க.”

“நான் பேசிடுவேம்மா. அவரு?” என்றாள் அக்கா.



அக்கா மாமாவிடம் கையால் சொன்னாள். அவர் வாண்டுவையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து மெஷினைத் தரதரவென இழுத்துச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

அதன் பிறகு அந்த அறையில் ஒருவரும் நிலையாக இருக்கவில்லை. அக்கா கைகளை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, “பால்... சொல்லுடா தங்கம், பா... ல்,” என்று பாடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கை சும்மா இராமல் முந்தானைக்குள்ளேயே துள்ளும். மாமாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இருவரும் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வாண்டு கதவைத் தட்டித் தட்டி அழுவான். மாமா மெஷினுக்குத் திரும்பியதும் அவர் முதுகருகே போய் நிற்பான். எப்போதும் நேராகத் தைக்கிறவர் அவர். அவருடைய தையலே கோணி, பிரித்துத் தைப்பது என் வேலையானது.

ஒரு நாள் காலையில் வாண்டு ஒட்ட வெட்டிய தலையோடு வந்தான்.

“என்னம்மா இது? எலி கரும்புன மாதிரி இருக்கு!” என்றாள் அக்கா.

“வீட்ல ஓயாம கத்தரிக்கோல் மாதிரியே காட்டிக்கிட்டிருந்தான்க்கா. முடி உறுத்துது போலன்னு அத்தை கூட்டிட்டுப் போய் வெட்டிட்டாங்க. அப்பவும் நிறுத்தல. வீட்ல இருக்குற கத்தரிக்கோலையெல்லாம் எடுத்து ஒளிச்சு வெச்சிட்டோம்.”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்கா சிரிக்கவில்லை.

“அது முடி இல்லம்மா. அது பேரு. அவரைக் கூப்பிடுறான்.”

வாண்டு மாமாவின் முதுகைப் பார்த்து இரண்டு விரலை விரித்து மூடினான். எங்கள் வீட்டில் மாமாவுக்கு அதுதான் பெயர். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

நர்ஸம்மா பையைக் கீழே வைத்தாள். “அப்போ அவன் என்னை ஒண்ணும் கூப்பிடுறதில்லையா?”

“ஏன் இல்ல? நீங்க போனதும் வாசலைப் பாத்து இப்படி.” அக்கா நாடி பார்ப்பதுபோல் தன் மணிக்கட்டில் விரலை வைத்துக் காட்டினாள். “நர்ஸுன்னா எங்களுக்கு இதுதான்.”

நர்ஸம்மா தன் மணிக்கட்டைப் பார்த்தாள். அங்கே வாட்ச் இருந்தது.

“இதைக் கேக்குறான்னு நெனச்சேன்க்கா. தினமும் கழட்டிக் குடுப்பேன். தூக்கி எறிவான். பிடிவாதக்காரன்னு திட்டுவேன்.”

ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டிருந்தது. ஆனாலும் அவள் மாமாவிடம் போய், “அண்ணே,” என்று வாயால் கூப்பிட்டு, நினைவு வந்து தோளைத் தொட்டாள். அவர் திரும்பினார். அவளுக்கு வேறொன்றும் தெரியவில்லை. இரண்டு விரலை விரித்து மூடி, மகனைக் காட்டினாள். மாமா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், பிறகு வாண்டுவைத் தூக்கி மேஜைமேல் உட்கார வைத்தார்.

இப்போது எங்கள் அறையில் மறுபடியும் கைகள் பேசுகின்றன. நர்ஸம்மாவும் தப்பும் தவறுமாகப் பேசுகிறாள். வாண்டு இன்னும் வாய் திறக்கவில்லை, வாரம் ஒரு தடவை பேச்சுப் பயிற்சிக்குப் போகிறான். மாமியார் வேறு இடம் தேடுவதை நிறுத்தவில்லை. இன்று காலையும் அவன் இங்கேதான் வந்தான்.