வாலைக் கவ்விய சுவர்

ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கோடி ஆண்டுகளைப் பதினொரு நாளில் ஓட்டி முடித்துவிடுவாள் சீட்ஸ்கே. பல் விளக்கத்தான் நேரம் கிடைக்காது. நெதர்லாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் கணினிக்குள் பிரபஞ்சம் வளர்க்கக் கற்றுக்கொண்டவள். ஒரு பெட்டி, அதற்குள் கிட்டத்தட்ட சமமாகத் தூவிய துகள்கள், மிச்சத்தை ஈர்ப்பு பார்த்துக்கொள்ளும். வலப்பக்கம் வெளியேறும் துகள் இடப்பக்கம் நுழைந்துவிடும். விளிம்பில்லாத பிரபஞ்சத்துக்கு அப்படி ஓர் ஏற்பாடு.

நான்கு ஆண்டு உழைப்பில், பெட்டியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விண்மீன் மண்டலங்கள் நெருங்கி நீண்ட கேலக்ஸிச் சுவர் ஒன்று கிடைத்தது. அதை வைத்துத்தான் ஆய்வேடு. அதை நம்பித்தான் ஜெர்மனியில் வேலை கொடுத்திருந்தார்கள். இருநூறு பிரதிகள் அச்சாகி ஊர் போய்ச் சேர்ந்துவிட்டன. மேலுறையின் முன்னும் பின்னும் அந்தச் சுவர்தான்.

வாய்மொழித் தேர்வில் ஆய்வாளருக்குத் துணையாக இருவர் நிற்பது அங்கே வழக்கம். ஒருத்தி தோழி, இன்னொருவன் தம்பி டௌவே, வீட்டுச் சுவர்களுக்குத் தாள் ஒட்டுகிறவன். தேர்வுக்கு முந்தின நாள், அதற்கு எடுத்த வாடகைக் கோட்டு ஒன்றைப் போட்டுப் பார்க்க வந்தவன், ஆய்வேட்டின் மேலுறையைக் கழற்றிக் குழலாகச் சுருட்டினான்.

"அக்கா, இந்த ஓரம் அந்த ஓரத்தோட அச்சாச் சேருதே."

"சேரத்தாண்டா செய்யும். பெட்டியே அப்படித்தான்."

"அப்ப இது நீளச் சுவர் இல்லையே. தன்னையே பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஒரு தாளோட ஓரத்தை அதே தாளோட மறு ஓரத்துல நான் இப்படி ஒட்டினா எவ வீட்டுலயும் காபிகூடத் தர மாட்டா."

சீட்ஸ்கே சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. பெட்டி சின்னது; கிடைத்த கணினி நேரத்துக்கு அவ்வளவுதான் முடிந்தது. வலப்பக்கம் வெளியேறி இடப்பக்கம் நுழைந்த சுவர் தன் வாலைத் தானே ஈர்த்து இறுக்கிக்கொண்டிருந்தது. பெரிய பெட்டியில் துண்டு துண்டாகியிருக்கும். ஓரங்கள் சேரும் என்று முதல் வாரமே கற்றவள், அங்கே எது எதோடு சேருகிறது என்று பார்க்கவில்லை. ஆய்வுக்கு வழிகாட்டிய பேராசிரியர் ஹெஸ்லிங்காவும் பார்க்கவில்லை. போனில் அழைத்துச் சொன்னாள்.

"நாளைக்கு நல்லபடியா முடியட்டும்மா. அப்புறம் பேசிக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் நாற்பத்தைந்து நிமிடக் கேள்விகள். தேர்வாளர் ஒருவர் ஒரு காற்புள்ளியைப் பற்றிக்கூடக் கேட்டார். சுவரை யாரும் கேட்கவில்லை. கடைசி நிமிடத்தில் அவளே வாயைத் திறந்தாள்.

"நாலாவது அத்தியாயத்தைப் பத்தி ஒண்ணு சொல்லணும். அந்தச் சுவர் வந்து..."

கதவு திறந்தது. சடங்குக் கோல் ஏந்தி நேரம் அறிவிக்கும் பல்கலைக்கழகக் கோல்காரி உள்ளே வந்து கோலைத் தரையில் தட்டி, நேரம் முடிந்தது என்றாள். அதற்குமேல் ஒரு சொல் பேசக்கூடாது. பாதி வாக்கியத்தில் நிறுத்துவதுதான் அங்கே மரியாதை. எல்லோரும் கைதட்டினார்கள்.

"சொல்லிட்டியா அக்கா?" என்றான் டௌவே, கோட்டுப் பொத்தானைக் கழற்றியபடி.

"பாதி."

மீதியை அன்று மாலையே ஜெர்மனிக்கு எழுதினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது: நேர்மைக்கு நன்றி, அந்த இடத்துக்கு வேறு ஆள் பார்க்கிறோம். பட்டத்தை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

இப்போது டாக்டர் சீட்ஸ்கே தம்பியோடு வீடு வீடாகத் தாள் ஒட்டுகிறாள். அந்தச் சுவரை இன்னும் யாராவது தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டுகிறார்கள். அது பிழை என்று ஒவ்வொருவருக்கும் எழுதுகிறாள். பாதிப் பேர் பதில் போடுவதில்லை.