பொட்டு வைத்த கால் மெஷின்

சம்பள நாளில் மற்ற ஆண்கள் மீன் வாங்கி வருவார்கள். கலியாணசுந்தரம் புதுச் சாமான் எதையாவது வாங்கி வருவார். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிற வேலை. ஏறுகிறவர்கள் எதைப் புகழ்ந்தாலும் அது அவர் காதில் விழுந்துவிடும். பம்பு அடிக்கிற மண்ணெண்ணெய் அடுப்பு அப்படித்தான் காஜா பெராங்கில் இருந்த அவர் வீட்டுக்கு வந்தது. வந்த வேகத்தில் கூரையைக் கருக்கிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அதையெல்லாம் மனைவி பூங்காவனம் பொறுத்துக்கொண்டாள். ஆனால் இந்த முறை, அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவளுடைய கைத்தையல் மெஷினையே தூக்கிக்கொண்டு போய்விட்டார். பண்டார் ஹிலிரில் அப்துல் சமது கடையில் அதைக் கொடுத்துவிட்டு, மாற்றாக ஒரு கால் மெஷினைக் கொண்டுவந்து நடுவீட்டில் நிறுத்தியிருந்தார்.

"மெர்டேக்கா வரப்போவுது. நாடே மாறுது. நீ இன்னும் கைப்பிடியச் சுத்திக்கிட்டு இருக்கியே!"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவே" என்றபடி வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

மேசைமேல் வெள்ளைச் சட்டைகள் வெட்டியபடி கிடந்தன. மெர்டேக்கா சுதந்திர விழாவில் பாடப்போகிற பிள்ளைகளுக்கானவை. மறுநாள் காலை கொடுத்தாக வேண்டும். "இத ஒழுங்கா முடிச்சிட்டா இனிமே பள்ளிக்கூடத் தையல் எல்லாம் உங்களுக்குத்தான். இல்லாட்டி டவுன் தையல்காரர்கிட்டப் போயிருவேன்" என்று சந்திரமதி டீச்சர் சொல்லியிருந்தார். அக்கம்பக்கத்து ரவிக்கைகளைத் தாண்டி அவளுக்கு வந்த முதல் வேலை அது.

பூங்காவனம் உட்கார்ந்தாள். அங்கே இல்லாத கைப்பிடியைத் தேடி வலது கை காற்றில் துழாவியது. காலை அழுத்தினால் சக்கரம் பின்பக்கம் சுற்றி நூலை அறுத்தது. மறுபடி கோத்தாள், மறுபடி அறுந்தது. பக்கத்து வீட்டு ஜமீலா எட்டிப் பார்த்தாள்.

"கால் மெஷின்தான் நல்லது புள்ள. ரெண்டு கையும் சும்மா இருக்கும்லா."

"இடுப்பு போயிரும்" என்றாள் பின்னாலேயே வந்த அஞ்சலை. "கையிலயே தைக்கிறதுதான் ஒடம்புக்கு நல்லது."

இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள். இருவர் வீட்டிலும் மெஷின் கிடையாது.

ஒருவழியாகச் சக்கரம் முன்பக்கம் ஓடியது. வெள்ளைத் துணியில் சிவப்புப் புள்ளிகள் விழுந்தன. பூங்காவனம் குனிந்து பார்த்தாள். வாங்கி வந்த கையோடு மனிதர் பூசை போட்டிருக்கிறார். மெஷின் தலையில் கை நிறையக் குங்குமம். வார் ஓடுகிற சக்கரத்தில் சந்தனம்; அதில் வார் வழுக்கியது. துடைக்கத் துடைக்க எங்கிருந்தோ குங்குமம் உதிர்ந்துகொண்டே இருந்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடிக்கத்தான் தோன்றியது. கறைபட்ட துண்டை ஒதுக்கி, மிச்சத் துணியில் வேறு வெட்டி, எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கடைக்கு நடந்தாள்.

"வாங்க தங்கச்சி, மெஷின் எப்படி ஓடுது?" என்றார் அப்துல் சமது.

"ஓடுது பாய். பின்பக்கமா."

அவளுடைய பழைய மெஷின், எண்ணெய் போட்டுத் துடைத்து, கடை வாசலில் விற்பனைக்கு நின்றது. "இதுல கொஞ்சம் தைச்சுக்கறேன் பாய்."

"உள்ள இருட்டா இருக்கும். அஞ்சடியிலயே உக்காருங்க."

கடைக்குப் போனால் கணவர் முதுகுக்குப் பின்னால் நின்றே பழகியவள், கடைகளுக்கு முன்னால் ஊர் நடக்கிற அஞ்சடி நடைபாதையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். கைப்பிடி உள்ளங்கைக்குள் வந்ததும் தையல் மளமளவென்று ஓடியது. முதுகுக்குப் பின்னால் ஆட்கள் கூடுவது தெரிந்தது. தலையை நிமிர்த்தவில்லை.

"நிறுத்திடாதீங்க தங்கச்சி" என்று பாய் கிசுகிசுத்தார். "உங்களப் பாத்துத்தான் ஆள் நிக்கிது."

நின்றவர்களில், செமாபோக்கிலிருந்து வந்த பொன்னுதுரை என்பவர் அந்த மெஷினையே விலை பேசிவிட்டார். கையில் கயிற்றோடு சைக்கிளை ஓரம் சாய்த்துவிட்டு நின்றார். இன்னும் பாதிச் சட்டைகள் கிடந்தன.

"வீட்டுக்காரிக்குத்தான். சொல்லாமக் கொண்டுபோய் வச்சா அசந்துபோவா" என்றார்.

பூங்காவனத்தின் கை நின்றது. முன்பின் தெரியாத ஆம்பளையிடம் அவள் பேசியதே இல்லை.

"அவங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க. அப்புறம் தூக்குங்க."

குரலில் இருந்த சூட்டில் பொன்னுதுரை சைக்கிள் ஏறிவிட்டார். "நல்லாக் கெடுத்தீங்க யாவாரத்த!" என்று பாய் தலையில் கை வைத்தார். அவள் கைப்பிடியைச் சுற்றினாள்.

கடைசிச் சட்டைக்குக் காலர் வைக்கும்போது பொன்னுதுரை மனைவியோடு திரும்பினார். அந்தம்மா மெஷினை ஒரு பார்வை பார்த்தாள்.

"இதையா? எனக்குக் கால் மெஷின்தான் வேணும். எத்தன வருசமாச் சொல்றேன், காதுல விழுந்தாத்தானே!"

"கடையில இருந்தது ஒண்ணே ஒண்ணு" என்றார் பாய். "அது காஜா பெராங் போயிருச்சு."

பூங்காவனம் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டை முடிந்தது.

"எங்க வீட்லதான் இருக்கு" என்றாள். "பொட்டெல்லாம் வச்சுத் தயாரா இருக்கு. வந்து எடுத்துக்கங்க. இது என்கூட வரட்டும்."

"வீட்டுக்காரரக் கேக்க வேணாமா தங்கச்சி?"

"அவரு என்னைக் கேட்டாரா பாய்?"

அவள் வீடு டீச்சர் வீட்டுக்குப் போகிற வழியில்தான். சட்டை மூட்டையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அவள் எல்லோருக்கும் முன்னால் நடந்தாள்.