முந்நூற்றுப் பத்து வாட் சித்தப்பா

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது என் மானத்தைக் கப்பலேற்றியவை என் சித்தப்பாவின் கால்கள். அவருக்கு ஏற்காட்டில் ஒரு லாட்ஜில் வேலை. தினமும் காலையில் வெள்ளக்கடையிலிருந்து என்னைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளியில் விடுவார். வழியில் இருக்கும் பெரிய மேடுகளையெல்லாம் பேசாமல் மிதித்து ஏறிவிடுவார். எஸ்டேட் கேட்டை ஒட்டிய மேட்டில் மட்டும் அவருக்கு மூச்சு வாங்கும். "முடியல கண்ணு" என்று இறங்கித் தள்ள ஆரம்பிப்பார்.

எஸ்டேட் பால்வாடி டீச்சர் அந்த நேரத்துக்குத்தான் அந்த மேட்டில் நடந்து போவார். "பாவமுங்க, புள்ளையையும் வெச்சுட்டு எப்படித்தான் மெதிக்கிறீங்களோ" என்று இரக்கப்படுவார். சித்தப்பாவும் இன்னும் கொஞ்சம் மூச்சு வாங்கிக் காட்டிவிட்டு, அவரோடு பேசிக்கொண்டே நடப்பார். அப்போது பார்த்து எங்கள் பள்ளிப் பிள்ளைகள் வரும் பஸ் எங்களைத் தாண்டிப் போகும். வகுப்பில் நுழைந்ததும், "உங்க சித்தப்பா நோஞ்சானா?" என்று கேட்பார்கள். எனக்கு அழுகையாக வரும். சித்தப்பா என்றால் எனக்கு உயிர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவோடு லாட்ஜுக்குப் போயிருந்தேன். கொண்டை ஊசி வளைவுகளைச் சைக்கிளிலேயே ஏறி வந்த ஒருவர் அங்கே தங்கியிருந்தார். மிதிக்கும் பலத்தை அளந்து சொல்லும் மீட்டர் ஒன்று அவருடைய சைக்கிளில் இருந்தது. சித்தப்பா அதையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இது இருந்தா ஏத்தம் கொறையுங்களா?"

"ஏத்தம் அப்படியேதான் இருக்கும். நம்ம காலுக்கு எத்தனை வாட் பலம்னு தெரிஞ்சிக்கலாம்."

"அது தெரிஞ்சு என்னங்க பண்றது?"

அவர் சிரித்துக்கொண்டே, ஓட்டிப் பாருங்கள் என்று சைக்கிளைக் கொடுத்தார். லாட்ஜுக்கு எதிரே இருந்த ஏற்றத்தில் சித்தப்பா ஏறி இறங்கி வந்தார். மூச்சுகூட வாங்கவில்லை. கைப்பிடியில் இருந்த சின்னத் திரையைப் பார்த்த அந்த மனிதருக்குத்தான் மூச்சு நின்றுவிட்டது. முந்நூற்றுப் பத்து வாட்!

எனக்குத் தெரிந்த வாட் பல்பில் எழுதியிருப்பதுதான். எங்கள் வீட்டில் அறுபது வாட் குண்டு பல்பு ஐந்து. சித்தப்பா மிதித்தால் ஐந்தும் எரிந்து பத்து வாட் மிச்சமும் இருக்கும். அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை எஸ்டேட் கேட் வந்ததும், சித்தப்பா வழக்கம்போல இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். டீச்சர் இரக்கப்பட வாயெடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"டீச்சர், பொய்யுங்க! சித்தப்பாவுக்கு முந்நூத்திப் பத்து வாட் இருக்குதுங்க. நேத்து மீட்டர்லயே பாத்தோம். எங்க ஊட்டு பல்பு அத்தனையும் எரியுமுங்க!"

சித்தப்பா குனிந்து சைக்கிள் செயினை ஆராய ஆரம்பித்தார். டீச்சர் அவரையே பார்த்தார்.

"அப்பறம் எதுக்குங்க தெனமும் இங்க வந்து எறங்கறீங்க?"

சித்தப்பா செயினை விட்டு நிமிர்ந்தார். "புடிச்சுக்கோ கண்ணு" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு ஏறி மிதித்தார். சைக்கிள் பறந்தது. நான் திரும்பி டீச்சருக்கு டாட்டா காட்டினேன். அடுத்த நாளும் நிற்காமல்தான் போனோம். பஸ்ஸிலிருந்து பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். நான் ராணிபோல உட்கார்ந்திருந்தேன்.  வீட்டில் அம்மா இரண்டாவது தோசை வைத்தால் சித்தப்பா வேண்டாம் என்றார். ரொம்ப மிதித்ததால் அசதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் டீச்சர் நடுரோட்டில் நின்றுகொண்டு கையை நீட்டிச் சைக்கிளை மறித்தார்.

"ஏனுங்க வாட்டுக்காரரே, ஒரு மேடாவது எறங்கி நடந்து வர்றதுங்க!"

சித்தப்பா காதுவரை சிவந்துபோய் இறங்கினார். இரண்டு பேரும் ஊர்ந்து ஊர்ந்து நடந்தார்கள். பஸ் எங்களைத் தாண்டிப் போயே போய்விட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மீட்டர் காட்டியதையே நம்பாத இவரெல்லாம் என்ன டீச்சர் என்று அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வருடம் அவரையே சித்தி என்று கூப்பிடச் சொன்னபோதும் அந்தக் கோபம் எனக்கு முழுசாகத் தீரவில்லை. அந்த முந்நூற்றுப் பத்தை அவர் அப்படியே நம்பியதால்தான் அன்று சைக்கிளை மறித்தார் என்பது விளங்க, எனக்கு இன்னும் பல வருடங்கள் ஆயின.