சட்டைகளுக்கு நடுவே நாவல் வைத்த சாலமன் அண்ணா

சாலமன் அண்ணா இறந்துவிட்டார்.

காலையில் அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்பில் வந்தது. நம்பவில்லை... உயிரோடு இருக்கிற பிளம்பருக்கே போன வருஷம் அஞ்சலி செலுத்திய குரூப் அது.

அவர் மனைவி கிரேஸ் அக்காவுக்கு போன் செய்தேன். எடுத்ததும் அழுதார். நேற்று மதியம் நெஞ்சு வலியாம். உண்மைதான்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் கேட்டுக்கு எதிரே, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர்.

எப்படித் திரும்ப நாவல் படிக்க ஆரம்பித்தாய் என்று இங்கே ஃபேஸ்புக்கில் நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். நான் சொன்னதில்லை. சொன்னால், நான் செய்ததையும் சொல்ல வேண்டும்.

காலேஜில் வாரம் ஒரு நாவல் படித்தவன் நான். நாற்பத்து மூன்று வயதில் ஒரே மூச்சில் நாலு பக்கம் தாண்ட முடியவில்லை. கை தானாக போனுக்குப் போய்விடும்.

நெட்டில் வரும் 'அவசியம் படிக்க வேண்டிய நாவல்கள்' பட்டியல்கள் மேல் எனக்கு எப்போதுமே சந்தேகம். வேண்டியவர்களுக்கு வேண்டியவர்கள் போடுகிற பட்டியலோ என்று தோன்றும்.

அப்படியும் ஒரு துண்டுச் சீட்டில் ஏழெட்டுப் பெயர்களை எழுதினேன். மூன்றை வாங்கினேன். மூன்றும் இருபதாம் பக்கத்தில் நின்றன.

அந்தச் சமயத்தில்தான் ஒரு சனிக்கிழமை, இஸ்திரி போட்டு வந்த துணியில், இரண்டு சட்டைகளுக்கு நடுவே ஒரு பழைய நாவல். முதல் பக்கத்தில் இருந்த பெயரை யாரோ நீலப் பேனாவால் அடித்திருந்தார்கள்.

கீழே போனேன். "அண்ணா, யாரோட புக்கோ மாறி வந்திருக்கு."

"மாறல சார். உங்களுக்குத்தான் வெச்சேன். படிச்சுப் பாருங்க."

"எனக்கு எதுக்கு?"

"சும்மாதான் சார்."

'சும்மா' என்று யார் எதைக் கொடுத்தாலும் நான் நம்புவதில்லை. மதம் மாற்றப் பார்க்கிறாரோ என்றுகூட நினைத்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

புரட்டினேன். ஒரு லாரி டிரைவர் குடும்பத்தின் கதை. நாற்பது பக்கம் போனதே தெரியவில்லை.

அடுத்த வாரம் இன்னொன்று. அதிலும் பெயர் அடிக்கப்பட்டிருந்தது. அதே நீலப் பேனா. மூன்றாவதிலும்...

இப்போது சந்தேகம் வேறு மாதிரி ஆனது. இதெல்லாம் யார் வீட்டுப் புத்தகம்? இவர் வீடு வீடாகப் போய்த் துணி எடுக்கிற ஆள் ஆயிற்றே?

ஒரு பக்கம் படித்தேன், ஒரு பக்கம் சந்தேகப்பட்டேன். மூன்றாவது நாவலை முடித்த அன்று போட்டோ எடுத்து குரூப்பில் போட்டேன்: "யார் வீட்டிலாவது தமிழ் நாவல்கள் காணாமல் போயிருக்கிறதா?"

அவர் பெயரைப் போடவில்லை. யார் கொடுத்தது என்று ஒருவர் கேட்டார்... சொல்லிவிட்டேன்.

அரை மணி நேரத்தில் அசோசியேஷன் ஆட்கள் மூன்று பேர் வண்டியைச் சுற்றி நின்றார்கள். துணி மூட்டைகளைப் பிரித்தார்கள். வண்டியின் கீழ்த்தட்டில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய நாவல்கள். நான் பால்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாலமன் அண்ணா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கிரேஸ் அக்காதான் சத்தம் போட்டார்.

"பி பிளாக் பெரியவர் செத்துப் போனாரே, அவரு புள்ள குடுத்துட்டுப் போன புக்குங்க இது! பழைய பேப்பர்காரன் கைல போடச் சொன்னாரு. போட மனசு வர்ல. போன் போட்டு அவரையே கேளுங்க!"

போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து அந்த மகன் ஆமாம் என்றார். அப்பா பெயரைத் தானே அடித்ததாகவும் சொன்னார்.

மூன்று பேரும் போய்விட்டார்கள். கலைத்த துணிகளை கிரேஸ் அக்கா ஒவ்வொன்றாக உதறி மடித்தார்.

மறுநாள் போய், "தப்பு என் மேலதான் அண்ணா" என்றேன்.

அவர் வண்டி இடுக்கிலிருந்து என் துண்டுச் சீட்டை எடுத்துக் கொடுத்தார்.

"உங்க சட்டைப் பாக்கெட்ல இருந்துச்சு சார். இதுல கீறது ஒண்ணுகூட அந்தப் பொட்டில இல்ல. எங்களுக்குப் புடிச்சதா மூணு எடுத்து வெச்சேன்."

எங்களுக்கு என்றால், கிரேஸ் அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். இவர் தேய்த்துக்கொண்டே கேட்பார். அவர்கள் முடித்த பிறகுதான் என் சட்டைகளுக்கு நடுவே வந்திருக்கிறது.

அதன் பிறகு இரண்டு மாதம் வெறும் துணிதான் வந்தது. திரும்ப போனைத் தேய்க்க ஆரம்பித்திருந்தேன்.

கடைசியில் நானே போய்க் கேட்டேன். "அண்ணா... ஒரு நாவல் குடுங்க."

"குடுக்குறேன் சார். ஆனா இங்கயே நின்னு போட்டோ புடிச்சு குரூப்ல போடுங்க. சாலமன் குடுத்தாரு, நான் வாங்கினேன்னு. அப்பால எடுத்துக்கினு போங்க."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

பெட்டி காலியாக ஒன்றரை வருஷம் ஆனது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் போட்டேன். என் போனை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் புத்தகத்தைக் கையிலிருந்து விடுவார். என்னைத் திரும்ப நம்பினாரா... தெரியாது. கேட்க தைரியம் வரவில்லை.

போன மாதம் தாம்பரத்தில் ஒரு கடையில் தேடி, ஒரு நாவல் வாங்கிப் படித்து முடித்து அவருக்குக் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பினார்.

"முழுசா படிச்சீங்களா சார்? இல்ல லிஸ்ட்ல இருந்துச்சுன்னு வாங்கினீங்களா?"

"முழுசா படிச்சேன் அண்ணா."

"சரி, பாக்கலாம்" என்று வாங்கிக்கொண்டார்.

இன்று பத்து மணிக்கு அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் பாடி ஃப்ரீசரில் இருந்தார். பக்கத்து நாற்காலியில் நான் கொடுத்த அந்த நாவலை விரித்தபடி கவிழ்த்து வைத்திருந்தார்கள். உட்காருவதற்காக எடுத்தேன்.

"பக்கம் மாறிடப் போவுது சார்" என்றார் கிரேஸ் அக்கா. அப்படியே பிடித்துக்கொண்டேன்.

"கடைசில இன்னா ஆவுதுன்னு சொல்லிடாதீங்க... நாங்க இன்னும் பாதிதான் வந்துகிறோம்."

சொல்லவில்லை.

அடக்கம் இன்று மாலை நாலு மணிக்கு.

போய் வாங்க, சாலமன் அண்ணா.