முதுகுக்குப் பின்னால் அரையிறுதி

லண்டன் பிளேஸ்டோவில் இருக்கும் சிவனேஸ்வரிக்கு மாசி மாதத்தில் ஏறிய கோபம் சித்திரை முடிந்தும் இறங்கவில்லை. கோபத்துக்குக் காரணம் உதைபந்தாட்டம். அவள் ஆதரிக்கும் கழகத்தின் பெயர் இங்கே வேண்டாம். சொன்னால் வாசிக்கிறவர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.

லண்டனுக்கு வந்த புதிதில் அவள் குடியிருந்த அறை அந்தக் கழகத்தின் மைதானத்துக்குக் கிட்ட. சனிக்கிழமைகளில் கறி தாளிக்கும்போது ஜன்னலால் ஆரவாரம் வரும். எந்த இரைச்சல் கோல், எந்த இரைச்சல் தவறிய கோல் என்பது, ஆங்கிலம் பிடிபட முன்னரே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. கணவன் வாமதேவனுக்கு அந்தப் பைத்தியத்தைத் தொற்றவைத்தவளே அவள்தான். ஆனால் உள்ளே போய் ஒரு ஆட்டம் பார்க்க வாய்க்கவில்லை. டிக்கெட் கிடைப்பது குதிரைக் கொம்பு.

அதனால்தான் மைதானத்தில் ஸ்டூவர்ட் வேலைக்குச் சேர்ந்தாள். கைப்பை சோதிக்கவும் கூட்டத்தைக் கண்காணிக்கவும் பெண்கள் தேவை என்று ஒரு ஏஜென்சி ஆள் எடுத்தது. "இனி எல்லா ஆட்டமும் ஓசியில பாப்பன்" என்று கோயிலில் கண்டவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தாள். முதல் நாளே அவளுக்கு மஞ்சள் மேற்சட்டையைக் கொடுத்து, கோல் கம்பத்துக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினான் மேற்பார்வையாளன் விவேக். மதுரைப் பக்கத்துப் பையன்.

"அக்கா, நீங்க பாக்க வேண்டியது கூட்டத்தை. மேட்ச்சை இல்ல. திரும்பினீங்கன்னா கேமராவுல தெரிஞ்சிடும், வேலை போயிடும்."

இதை யாராவது முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? அவளும் கேட்கவில்லை. ஆட்டம் நடக்கும் இடத்தில் நிற்கிறவளுக்கு ஆட்டத்தைப் பார்க்கத் தடை இருக்கும் என்று யார் நினைப்பார்கள்!

அந்த வருடம் பார்த்துத்தான் அவளுடைய கழகம் ஐரோப்பியக் கிண்ணத்தில் வெளுத்து வாங்கியது. தோற்றால் வெளியே என்ற சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஆட்டம் அங்கே, ஒன்று இங்கே. முதல் சுற்றில் அவள் முதுகுக்குப் பின்னால் மூன்று கோல் விழுந்தது. அவள் கண்டதெல்லாம் வாய்கள்தான். உருளைக்கிழங்குப் பொரியலும் வினிகரும் மணக்கும் வாய்கள், திறந்தபடி. காலிறுதியில் வெற்றிக் கோல் விழுந்ததும் முன்வரிசையிலிருந்த ஒருவன் தடுப்பைத் தாண்டிக் கையை நீட்டி அவளைக் கட்டிப்பிடித்து, "பார்த்தாயா? பார்த்தாயா அதை?" என்று ஆங்கிலத்தில் கத்தினான். அவனை அறைய வேண்டும் போல இருந்தது அவளுக்கு.

வீட்டுக்கு வந்தால் அங்கே வேறு கூத்து. வாமதேவனும் கூட்டாளிகளும் சோபாவை நிறைத்துக்கொண்டு டிவியில் ஆட்டத்தைப் பார்த்தபடி, அவள் பொரித்து வைத்துவிட்டுப் போன மட்டன் றோல்ஸை முடித்திருந்தார்கள்.

"இஞ்சரும், கோல்கீப்பர் இடப்பக்கம் பாய்ஞ்சவன், பந்து வலப்பக்கத்தால போனது. நீர் பக்கத்தில நிண்டும் காணேல்லையே!" என்றான் வாமதேவன்.

"சிரியுங்கோ. அந்த றோல்ஸ் தொண்டையில சிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவை அடித்துச் சாத்தினாள்.

இதற்கெல்லாம் மேலாக அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியவன் விவேக். அவன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஆட்டத்தை ஆற அமரப் பார்ப்பான். அரையிறுதிக்கு முன்னால் மானத்தை விட்டு அவனிடமே கேட்டாள்.

"தம்பி, ஒரேயொரு கோல். என்ர கண்ணால ஒருக்காப் பாக்க விடும். பிறகு சாகும் வரைக்கும் திரும்பமாட்டன்."

"ரூல் ரூல்தான்க்கா."

அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம் முடிந்தபோது, இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் சமநிலை. மேலதிக நேரமும் சமநிலை. பெனால்டி உதைகளை அவள் நின்ற பக்கத்துக் கோலிலேயே வைத்தார்கள். அவளுடைய கழகத்தின் முதல் நான்கு உதைகளும் அவளுக்குப் பின்னால் கோலாயின, அவள் முகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதிரணி ஐந்தையும் போட்டுவிட்டது. கடைசி உதைக்கு அவளுடைய ஆள் வந்தபோது மைதானம் முழுக்க மூச்சு நின்றது. முன்வரிசைக்காரன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். டிக்கெட் வாங்கி வந்தவன் கண்ணை மூடுகிறான், நான் திறந்துவைத்துக்கொண்டு இவன் மூஞ்சியைப் பார்க்க வேண்டுமா? சிவனேஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

திரும்பினாள்.

புல் அவ்வளவு பச்சையாக இருந்தது. பந்து வெள்ளையாக, கைக்கெட்டும் தூரத்தில். அவன் ஓடிவந்தான், உதைத்தான். பந்து கம்பத்துக்கு மேலால் பறந்து கூட்டத்துக்குள் விழுந்தது. அவ்வளவுதான். கிண்ணமும் போனது, அந்த வருடமும் போனது. இருபது வருடத்துக்கு மேலாகக் காத்திருந்து நேரில் கண்ட ஒரே உதை அது. பாழாய்ப்போனவன், நேராக அடித்திருக்கக் கூடாதா!

கூட்டம் கலைந்தபிறகு விவேக் வந்தான்.

"திரும்பிட்டீங்களேக்கா. கன்ட்ரோல் ரூம்ல பாத்துட்டாங்க. இனி உங்களைக் கூப்பிட மாட்டாங்க. ஜாக்கெட்டைக் கழட்டிக் குடுத்திடுங்க."

"நீரும் பாத்துக்கொண்டுதானே நிண்டனீர்?"

"ஆமா. ஆனா நான் சூப்பர்வைசர்."

அவள் மேற்சட்டையைக் கழற்றி அவன் நெஞ்சோடு அமுக்கிக் கொடுத்தாள். வாசலுக்குப் போகவில்லை. படியேறி முன்வரிசையில் ஒரு வெறும் கதிரையை இழுத்து விரித்து, காலுக்கு மேல் கால் போட்டு, மைதானத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். விளக்குகள் இன்னும் அணையவில்லை.

"அக்கா, எல்லாரும் வெளிய போகணும். இங்க உக்காரக் கூடாது."

"நான் இப்ப வேலையில இல்லை, தம்பி. என்னை வெளியில அனுப்புறதெண்டால் போய் ஒரு ஸ்டூவர்ட்டைக் கூட்டிக்கொண்டு வாரும்."