பழைய விடைக்கு ஐந்து மதிப்பெண்

கோட்டைக்குப்பத்து இறால் கிடங்கில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் லோகநாயகி. இறால் ஏற்றும் லாரி வருமா, வராதா என்று சென்னைக் கம்பெனியிலிருந்து தினமும் காலையில் சொல்வார்கள். அதைக் கேட்டு ஊருக்குச் சொல்வது அவர் வேலை. அந்த நாற்காலிக்குக் கம்பெனி மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுத்தது. இறால் பிடிக்கிறவனுக்கே இல்லாத சான்றிதழ் போன் எடுக்க எதற்கு என்று, அதே கிடங்கில் வேலை பார்த்த நானே கேலி செய்திருக்கிறேன்.

1976இல் ஒரு காலை, "இன்னிக்கு லாரி வராது" என்று போன் வந்தது. சென்னை மேனேஜர் குரல் மாதிரியே இருக்கவும் லோகநாயகி நம்பிவிட்டார். ஊரே இறாலை இன்னொரு வியாபாரியிடம் அடிமாட்டு விலைக்குத் தள்ளியது. ஒரு மணி நேரத்தில் லாரி வந்து நின்றது. பேசியது அந்த வியாபாரியின் ஆள். ஊர் திட்டியதைவிட, எப்படி ஏமாந்தோம் என்ற கேள்விதான் அவரைக் குடைந்தது.

மறு ஆண்டு தேர்வில் செய்தி எழுதிய தாளை எப்படி மடிப்பது, உறைக்கு எப்படி அரக்கு வைப்பது என்றே கேட்டிருந்தார்கள். எரிச்சலில் விடைத்தாளின் பின்பக்கம், "பேசுகிறவன் பொய் சொன்னால் என்ன செய்வது என்று ஏன் கேட்கவில்லை?" என்று எழுதி வைத்தார். கம்பெனி கோபிக்கவில்லை. கேள்வியையும் விடையையும் நீங்களே அனுப்புங்கள் என்றது. "டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விசாரிக்கவும். அழைப்பு எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியும்" என்று எழுதி அனுப்பினார். அதற்கு ஐந்து மதிப்பெண் வைத்தார்கள். 1980இல் அதையே எழுதித் தேறினார்.

பிறகு நேரே டயல் செய்யும் வசதி வந்தது. நடுவில் விசாரிக்க ஆள் இல்லை. 1983 தேர்வில் அதே கேள்வி வந்தபோது, "போனை வைத்துவிட்டு, நமக்குத் தெரிந்த சென்னை நம்பரை நாமே சுற்றிக் கேட்கவும்" என்று எழுதினார்.

மூன்று மதிப்பெண் குறைந்து தேறாமல் போனார். விடையைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் சரியான விடை எழுதியிருந்தார்கள். அது எழுத்துப் பிசகாமல் 1977இல் அவர் அனுப்பியது. சான்றிதழ் இல்லாவிட்டால் நாற்காலியும் இல்லை.

கிடங்குப் பொறுப்பாளர் ஜமால் முகம்மது தலையில் கைவைத்துக்கொண்டார். "பழசையே எழுதிட்டுப் போறதுதானேம்மா. நீ சொன்ன பதில்தானே அது?"

"அத்த எழுதினா நான் பாஸ் ஆயிருப்பேன் பாய். அத்தப் படிச்சிட்டு வர்றவன் ஏமாந்துடுவான். ஏமாந்தா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்."

அதே உறையில் இன்னொரு கடிதமும் இருந்தது. அடுத்த தேர்வுக்கும் அவரே கேள்வி அனுப்ப வேண்டுமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவரோ பேனாவைத் தேடினார். புது விடையை எழுதி, அதன் கீழே, "இது 1986 தேர்வு வரைதான் செல்லும். பிறகு அந்த நாற்காலியில் இருப்பவரைக் கேளுங்கள்" என்று சேர்த்தார்.

அனுப்புபவரின் சான்றிதழ் எண் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில், "தேறவில்லை" என்று எழுதி உறையை ஒட்டினார்.