காற்றை நிறுத்திய நைனா

இன்று தூப்பிலிப்பாளையம் கடலில் விண்ட்சர்ஃபிங் நெடுந்தூரப் போட்டி.

ஆளையே தூக்கும் காற்று. அதனால் பலகையில் சின்னப் பாய் கட்டினேன். பெரிய பாய்க்காரர்கள் விழுந்து விழுந்து எழுந்தார்கள். நான்தான் முதலில் போய்க்கொண்டிருந்தேன்.

கரை தெரிகிற தூரத்தில் காற்று படுத்துவிட்டது. மிச்சமிருந்த லேசான காற்று என் சின்னப் பாய்க்குப் போதவில்லை; பெரிய பாய்க்காரர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள்.

நகரியிலிருந்து துணைக்கு வந்திருந்த நைனா கரையில் சிரித்தபடி நின்றார்.

"காத்து நிக்கணும்னு ஏழுமலையான வேண்டிக்கினே இருந்தேன்டா. நின்னுச்சு பாத்தியா?"

"அந்தக் காத்துலதான் நைனா நான் வந்துக்கினு இருந்தேன்."

"அதெல்லாம் எனுக்குத் தெரியாது. நாளைக்கே திருமலைக்குப் போயி மொட்ட போடணும்."

"யாருக்கு?"

"உனுக்குத்தான்."

அடுத்த போட்டியன்று நைனாவை வீட்டிலேயே உட்காரவைக்க எந்தச் சாமியை வேண்டலாம், சொல்லுங்கள். முடி கேட்காத சாமியாக இருந்தால் நல்லது.